ஆரக்கிள் ஓ.எஃப்.ஏ. அடைவு முறை

ஆரக்கிள் தரவுத்தள மென்பொருளை நிறுவும்போது அடைவுகளையும் சேமிப்பிடத்தையும் ஒழுங்குபடுத்த உதவும் வழிகாட்டு நெறி. ‘ஆப்டிமல் ஃபிளெக்சிபிள் ஆர்க்கிடெக்சர்’ என்பது முழுப்பெயர். ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி மில்சாப் இதை 1990களில் வகுத்தார்.

மென்பொருள் ஓரிடம், தரவு வேறிடம் என்பதே இதன் உயிர்நாடி. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் வட்டுகள் யு01, யு02 என எண்ணிட்ட இணைப்புப் புள்ளிகளில் பொருத்தப்படும். பெயரில் உள்ளடக்கம் சொல்லப்படாததால், பின்னாளில் வட்டின் பயன் மாறினாலும் பெயர் பொய்யாகாது. சிறிதாகத் தெரிந்தாலும் இந்நெறியின் மிகக் கூர்மையான முடிவு இதுதான். ‘ஆரக்கிள் பேஸ்’ அடைவின்கீழ் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘ஆரக்கிள் ஹோம்’ என்ற தனி நிறுவல் அடைவு உண்டு. ஆகவே பழைய பதிப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதை அருகில் நிறுவலாம். தரவுக் கோப்புகள் ‘ஓராடேட்டா’வில், தரவுத்தளத்தின் பெயரிட்ட உள்ளடைவுகளில் இருக்கும்.

தரவுத்தளத்தின் அமைப்பைப் பதிவுசெய்யும் கட்டுப்பாட்டுக் கோப்பின் நகல்களும், காப்புநகல்கள் இருக்கும் மீட்புப் பகுதியும் வேறு வட்டில் இருந்தே தீரவேண்டும். ஒரே வட்டை இரு பெயரில் பிரித்து வைப்பது பாதுகாப்பு அல்ல. வட்டு பழுதானால் தரவும் காப்புநகலும் சேர்ந்தே போகும். 10ஜி பதிப்பில் வந்த ஏ.எஸ்.எம். (தானியங்கிச் சேமிப்பக மேலாண்மை), தரவுக் கோப்புகளை வட்டுகளில் பரப்பும் வேலையைத் தானே ஏற்றது. எனினும் மென்பொருள் அடைவுகளுக்கு ஓ.எஃப்.ஏ. இன்றும் பொருந்துகிறது.