பீட்டர் பான் கொடை

பீட்டர் பான் கொடை என்பது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜே. எம். பேரி (1860–1937), தாம் படைத்த ‘பீட்டர் பான்’ கதைகள், நாடகம் ஆகியவற்றின் உரிமைகள் முழுவதையும் 1929ஆம் ஆண்டு லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்த செயலைக் குறிக்கும். நாடகம் மேடையேறும்போதும், நூல் அச்சாகும்போதும், திரைப்படம் எடுக்கப்படும்போதும் வரும் உரிமைத்தொகை மருத்துவமனையைச் சேரும் என்பது ஏற்பாடு. பணமாகக் கொடுக்கப்படும் நன்கொடை செலவானதும் தீர்ந்துவிடும். இந்தக் கொடையோ ஒரு கதைக்கு வாசகரும் பார்வையாளரும் இருக்கும்வரை வருவாய் தரக்கூடியது. பதிப்புரிமைக் காலம் முடிந்தபோது, இந்த ஒரு படைப்புக்காக மட்டும் பிரிட்டன் நாடாளுமன்றம் தனி விதி இயற்றியது. பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு இணையான வேறொரு விதி இல்லை.

எழுத்தாளரும் படைப்பும்

பேரி 1860 மே 9 அன்று ஸ்காட்லாந்தின் கிரிமியூர் என்னும் சிற்றூரில் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, அண்ணன் டேவிட் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். பதினான்கு வயதுகூட நிரம்பாத அந்தச் சிறுவன், தாயின் நினைவில் என்றும் வளராத பிள்ளையாகவே தங்கிவிட்டான். வளர மறுக்கும் சிறுவனின் கதைக்கு இந்த இழப்பே முதல் வித்து என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த பேரி 1885இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து இதழ்களில் எழுதிப் பிழைத்தார். 1891இல் வெளிவந்த ‘தி லிட்டில் மினிஸ்டர்’ நாவல் அவரை விற்பனையில் முன்னணி எழுத்தாளராக்கியது. ‘குவாலிட்டி ஸ்ட்ரீட்’, ‘தி அட்மிரபிள் கிரைட்டன்’ போன்ற நாடகங்கள் அவரை அக்காலத்தின் மிகச் செல்வந்தரான எழுத்தாளர்களுள் ஒருவராக உயர்த்தின.

பீட்டர் பான் முதலில் தோன்றியது ‘தி லிட்டில் ஒயிட் பேர்ட்’ (1902) என்னும் நாவலின் சில அத்தியாயங்களில். கென்சிங்டன் பூங்காவில் பழக்கமான லூவலின் டேவிஸ் குடும்பத்துச் சிறுவர்களுக்குப் பேரி சொன்ன கதைகளிலிருந்து அப்பாத்திரம் உருவானது. 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் நாடகம் முதன்முறை மேடையேறியது. 1911இல் ‘பீட்டர் அண்டு வெண்டி’ என்னும் நாவல் வந்தது. நாடகத்தின் அச்சுப்பிரதி 1928இல்தான் வெளியானது. முதல் மேடையேற்றத்துக்குப் பின் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் நாடகம் திரும்பத் திரும்ப நிகழ்த்தப்பட்டது. இப்படி ஆண்டுதோறும் தவறாமல் வருவாய் தரும் படைப்பாக இருந்ததே, பிற்காலத்தில் அதை மதிப்புள்ள கொடையாக்கியது.

பேரியின் பிற ஈகைகள்

பேரியின் ஈகைக்குணம் 1929இல் திடீரென வெளிப்பட்டதன்று. லூவலின் டேவிஸ் சிறுவர்களின் தந்தை 1907இலும் தாய் 1910இலும் இறந்தபின், ஐந்து சிறுவர்களுக்கும் பாதுகாவலராக நின்று, வளர்ப்புச் செலவையும் படிப்புச் செலவையும் ஏற்றவர் அவர். 1912 மே மாதம் முதல் நாள் காலையில் கென்சிங்டன் பூங்காவுக்கு வந்த குழந்தைகள், முந்தைய மாலைவரை இல்லாத பீட்டர் பான் வெண்கலச் சிலையை அங்கே கண்டு வியந்தனர். ஜார்ஜ் ஃப்ராம்ப்டன் வடித்த அச்சிலைக்கான செலவைப் பேரி தம் பணத்திலிருந்தே கொடுத்திருந்தார்.

முதல் உலகப் போரின்போது, போரால் வீடிழந்த பிரெஞ்சுக் குழந்தைகளுக்காகப் பெத்தான்கூர் என்ற இடத்தில் இயங்கிய காப்பகத்துக்கும் அவர் நிதி உதவினார். 1930இல் சொந்த ஊரான கிரிமியூருக்குக் கிரிக்கெட் பெவிலியன் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். தென்துருவப் பயணி கேப்டன் ஸ்காட் சாவின் விளிம்பில் எழுதிய கடிதங்களுள் ஒன்று பேரிக்கானது. மனைவியையும் மகனையும் கவனித்துக்கொள்ளுமாறு அதில் ஸ்காட் வேண்டியிருந்தார். பீட்டர் பானின் நினைவாகப் பீட்டர் என்று பெயரிடப்பட்ட அம்மகனுக்குப் பேரி ஞானத்தந்தை.

எழுத்துலகப் பொதுப்பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. மேடை நாடகங்களுக்கு அரசுத் தணிக்கை இருந்ததை எதிர்த்த நாடகாசிரியர்களுள் அவரும் ஒருவர். 1928இல் தாமஸ் ஹார்டி மறைந்தபின் எழுத்தாளர் சங்கத்தின் தலைவரானார். எழுத்தாளரின் உரிமை என்பது எவ்வளவு மதிப்புள்ள சொத்து என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மருத்துவமனை

கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையை டாக்டர் சார்லஸ் வெஸ்ட் 1852 பிப்ரவரி 14 அன்று பத்துப் படுக்கைகளுடன் தொடங்கினார். பிரிட்டனில் குழந்தைகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துச் சிகிச்சையளிக்கவென்றே எழுந்த முதல் மருத்துவமனை இது. தொடக்கம் முதலே எழுத்தாளர்களின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. 1858இல் நிதி திரட்டும் விருந்து ஒன்றில் சார்லஸ் டிக்கன்ஸ் ஆற்றிய உரையும், பின்னர் மருத்துவமனைக்காகவே தம் கதையை மக்கள் முன் வாசித்த நிகழ்ச்சியும் அதை நெருக்கடியிலிருந்து மீட்டன.

1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கும்வரை இங்கிலாந்தின் பல மருத்துவமனைகள் பொதுமக்களின் நன்கொடையாலும் சந்தாவாலும் நடந்தவையே. புதிய கட்டடம், கருவி, விரிவாக்கம் எதுவானாலும் செல்வந்தர்களிடமும் புகழ்பெற்றவர்களிடமும் கையேந்தித்தான் ஆக வேண்டும். பேரியை மருத்துவமனை அணுகியதும் இச்சூழலில்தான்.

1929: கொடை

அருகிலிருந்த அநாதைக் குழந்தைகள் இல்லம் நகருக்கு வெளியே மாறியதால், பெரும் நிலப்பரப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. அதன் ஒரு பகுதியை வாங்கி விரிவடைய மருத்துவமனை விரும்பியது. இதற்கான குழுவில் உறுப்பினராக இருக்குமாறு 1929 தொடக்கத்தில் பேரியைக் கேட்டனர். கூட்டங்களில் பேசுவதும் குழுக்களில் அமர்வதும் அவருக்குப் பிடிக்காதவை. எனவே அவர் மறுத்துவிட்டார். வேறு வழியில் உதவ முடியும் என்று நம்புவதாக மட்டும் பதில் சொன்னார். இரண்டு மாதங்களில், பீட்டர் பானின் உரிமை முழுவதையும் மருத்துவமனைக்கு அளிக்கும் முடிவை அறிவித்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் நாடகக் குழுவினர் மருத்துவமனைக்கே வந்து, நோயாளிக் குழந்தைகள் முன் நாடகத்தின் குழந்தைகள் அறைக் காட்சியை நடித்துக் காட்டினர். பேரியும் அதைக் காண வந்திருந்தார். மருத்துவமனைக்காக நடந்த விருந்து ஒன்றில், பீட்டர் பான் ஒருகாலத்தில் இங்கே நோயாளியாகப் படுத்திருந்தவன்தான் என்றும், இந்தச் சிறு உதவியைச் செய்யச் சொன்னவனே அவன்தான் என்றும் பேரி வேடிக்கையாகப் பேசினார்.

கொடையோடு அவர் ஒரு வேண்டுகோளும் வைத்தார். பீட்டர் பான் மூலம் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை வெளியிடக் கூடாது. மருத்துவமனை இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறது. ஆகவே கொடையின் மொத்த மதிப்பு என்று எங்கேனும் அச்சாகும் தொகைகள் ஊகங்களே.

1937 ஜூன் 19 அன்று பேரி காலமானார். அவருடைய பிற படைப்புகளின் உரிமையும் சொத்தில் பெரும்பகுதியும் நீண்டகாலச் செயலாளரான சிந்தியா ஆஸ்க்வித்துக்குச் சென்றன. பீட்டர் பான் மட்டும் அதில் சேரவில்லை. 1929இல் கொடுத்ததை உயிலும் உறுதிப்படுத்தியிருந்தது.

உரிமங்களும் வருவாயும்

கொடைக்குப் பிறகு மருத்துவமனை கதை ஒன்றின் உரிமையாளர் என்ற புதிய பொறுப்பை ஏற்றது. நாடகக் குழுக்களும் பதிப்பகங்களும் திரைப்பட நிறுவனங்களும் அதனிடம் உரிமம் பெற்றன. 1939இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் அசைவூட்டப் படத்துக்கான உரிமத்தைப் பெற்றது. இடையில் போர் வந்ததால் படம் 1953இல்தான் திரைக்கு வந்தது. 1954இல் நியூயார்க் பிராட்வேயில் மேரி மார்ட்டின் பீட்டராக நடித்த இசைநாடகம் அரங்கேறி, பின்னர் தொலைக்காட்சி வழியாக அமெரிக்க வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஒவ்வொரு புதிய ஊடகமும் கதைக்குப் புதிய தலைமுறையைச் சேர்த்தது.

1988: தனிச் சட்ட விதி

அக்காலப் பிரிட்டிஷ் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டின் இறுதியிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். எனவே 1987 டிசம்பர் 31 அன்று பீட்டர் பான் பொதுவுடைமையானது. மருத்துவமனையின் வருவாய் வழி ஒன்று அடைபட்டது.

அப்போது பதிப்புரிமைச் சட்டத்தை முழுமையாகத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தது. முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் காலஹன் பிரபுக்கள் சபையில் அதற்கொரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் மனைவி ஆட்ரி காலஹன் மருத்துவமனையின் நிர்வாகக் குழுத் தலைவராகப் பணியாற்றியவர். திருத்தம் ஏற்கப்பட்டு, 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமை, வடிவமைப்புகள், காப்புரிமைகள் சட்டத்தின் 301ஆம் பிரிவாகவும் ஆறாம் அட்டவணையாகவும் இடம்பெற்றது.

இந்த விதி பதிப்புரிமையை மீட்டுத் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நாடகத்தை எப்படி நடத்தலாம், கதையை எப்படி மாற்றலாம் என்பதில் மருத்துவமனைக்கு இதன்வழி எந்த அதிகாரமும் இல்லை. யாரையும் தடுக்கவும் முடியாது. பிரிட்டனில் நாடகத்தையோ அதன் தழுவலையோ பொதுமக்கள் முன் நடத்தினாலும், வணிக நோக்கில் வெளியிட்டாலும், ஒலி ஒளிபரப்பினாலும், உரிமைத்தொகை பெறும் உரிமை மட்டுமே உண்டு. தொகையில் உடன்பாடு எட்டாவிட்டால் பதிப்புரிமைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இந்த உரிமையை வேறொருவருக்கு மாற்றித் தரவோ அடகு வைக்கவோ இயலாது. நோயுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையளிப்பதை நோக்கமாகக் கொண்ட தனி நிறுவனமாக மருத்துவமனை நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும்.

2016இல் தேசிய சுகாதாரச் சேவையின் அறக்கட்டளைகள் பற்றிய சட்டம் ஒன்று இந்த உரிமையை மருத்துவமனையின் சுதந்திர அறக்கட்டளைக்கு மாற்ற வழி செய்தது. தனிநபர் மசோதாவாக அதை முன்மொழிந்தவர் வெண்டி மார்ட்டன் என்னும் உறுப்பினர். கதாநாயகியின் பெயரே அவருக்கும் அமைந்தது சபையில் நகைச்சுவைக்கு இடம் கொடுத்தது.

ஐரோப்பாவும் அமெரிக்காவும்

ஐரோப்பிய நாடுகளில் பதிப்புரிமைக் காலம் எழுத்தாளர் மறைந்து எழுபது ஆண்டுகள் என ஒருமைப்படுத்தப்பட்டது. பிரிட்டனில் 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, எட்டாண்டுகள் முன் காலாவதியான பீட்டர் பானின் முழு உரிமை உயிர்பெற்று, 2007 இறுதிவரை நீடித்தது. அதன்பின் 1988 விதி மட்டும் எஞ்சியது.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே நாவல் முன்பே பொதுவுடைமையாகிவிட்டது. 1928இல் அச்சான நாடகத்துக்கோ தொண்ணூற்றைந்து ஆண்டுப் பாதுகாப்பு இருந்தது. அது 2023 இறுதியில் முடிந்தது. இந்த வேறுபாட்டால் சிக்கல்கள் எழுந்தன. கதையின் தொடர்ச்சியை எழுதிய கனடிய எழுத்தாளர் ஒருவர் 2002இல் மருத்துவமனைக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் சென்றார். தீர்ப்பு வருமுன் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்ததால், உரிமையின் எல்லை என்ன என்ற கேள்வி நீதிமன்றத்தில் தீர்க்கப்படவில்லை. வெண்டியைப் பாத்திரமாக்கி ஆலன் மூரும் மெலிண்டா கெபியும் உருவாக்கிய, வயது வந்தோருக்கான ‘லாஸ்ட் கேர்ள்ஸ்’ சித்திரக்கதைக்கு மருத்துவமனை ஆட்சேபம் தெரிவித்தது. பிரிட்டனில் அந்நூலின் விற்பனை 2007 முடியும்வரை தள்ளிப்போனது.

அதிகாரப்பூர்வத் தொடர்ச்சி

முழு உரிமை முடியவிருந்த நிலையில், புதிய படைப்பு ஒன்றின் மூலம் வருவாயைத் தொடர மருத்துவமனை முனைந்தது. 2004இல் தொடர்ச்சி நாவலுக்கான போட்டியை அறிவித்தது. மாதிரி அத்தியாயமும் கதைச்சுருக்கமும் அனுப்பியவர்களுள் ஜெரால்டின் மெக்காக்ரன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் எழுதிய ‘பீட்டர் பான் இன் ஸ்கார்லெட்’ 2006 அக்டோபரில் வெளிவந்தது. அதன் வருவாயில் எழுத்தாளருக்கும் மருத்துவமனைக்கும் பங்கு உண்டு.

மதிப்பீடு

கொடையின் நோக்கத்தை எவரும் குறை சொல்வதில்லை. விவாதம் 1988 விதியைப் பற்றியது. படைப்பாளிக்கு வரம்புள்ள காலத்துக்கு உரிமை கொடுத்து, பிறகு படைப்பைப் பொதுமக்களுக்கு விடுவதே பதிப்புரிமையின் அடிப்படை. முடிவற்ற உரிமைத்தொகை அதற்கு முரணானது என்கின்றனர் சட்ட அறிஞர்கள் சிலர். தடுக்கும் அதிகாரமின்றித் தொகை பெறும் உரிமையை மட்டும் வழங்கியதால், பொதுவுடைமைக்குப் பெரிய இழப்பில்லை என்பது மறுதரப்பு. அமெரிக்கப் பூர்வகுடியினரை நாடகம் சித்தரிக்கும் விதமும் இன்று கண்டனத்துக்குள்ளாகிறது. பல அரங்கக் குழுக்கள் அப்பகுதிகளை மாற்றியே நடத்துகின்றன.

மருத்துவமனை வளாகத்தில் டயர்மிட் பைரன் ஓ’கானர் வடித்த பீட்டர் பான் சிலை 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது, திறந்துவைத்தவர் காலஹன். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசிய சுகாதாரச் சேவையையும் இம்மருத்துவமனையையும் சிறார் இலக்கியத்தையும் ஒருசேரப் போற்றிய பகுதியில், ஜே. கே. ரவ்லிங் பீட்டர் பானிலிருந்து ஒரு பத்தியை வாசித்தார்.

இன்று அமெரிக்காவிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் யாரும் அனுமதியின்றி இக்கதையைக் கையாளலாம். பிரிட்டனில் மட்டும், நாடகத்தை மேடையேற்றும் குழுவும் நூலை விற்கும் பதிப்பகமும் மருத்துவமனைக்குரிய பங்கைச் செலுத்த வேண்டும்.