‘மிகவும் புண்படுத்தும்’ என்னும் தொடரின் சட்ட வரலாறு: அஞ்சல் முதல் இணையம் வரை

1. முன்னுரை

ஒரு செயலைக் குற்றம் என அறிவிக்கும் சட்டம், அச்செயல் யாது என்பதைச் சொற்களால் வரையறுத்தல் வேண்டும். வரையறை நெகிழுமாயின் குற்றத்தின் எல்லையும் நெகிழும். எல்லை நெகிழுமாயின் அதனை வகுக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடமிருந்து நழுவிக் காவல்நிலையத்தைச் சென்றடையும். இந்தியாவில் இணையவழிக் கருத்துரிமை பற்றி எழுந்த வழக்குகளுள் தலையாயது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவைப் பற்றியதாகும். 2015-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அவ்வழக்கு அரசியலமைப்பு வழக்காகவே நடைபெற்றது. எனினும் அதன் உட்கிடையாக அமைந்தது சொற்பொருள் சிக்கலே. அப்பிரிவின் சொற்கள் எங்கிருந்து வந்தன, எவ்வாறு பொருள் திரிந்தன, நீக்கப்பட்ட பின்னும் எவ்வாறு நிலைத்தன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடரின் வழிவரவு

‘கிராஸ்லி அஃபென்சிவ்’ என்னும் ஆங்கிலத் தொடர் இந்தியச் சட்டத்திற்குப் புதியதன்று. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், தன் 20-ஆம் பிரிவில், ஆபாசமான, அச்சுறுத்தும், மிகவும் புண்படுத்தும் சொற்களை மேலே தாங்கிய பொருள்களை அஞ்சலில் அனுப்புதலாகாது என விலக்கியிருந்தது. அஞ்சலட்டையின் மீதும் உறையின் மீதும் பலர் கண்ணிற்படுமாறு எழுதப்படுவனவற்றையே அவ்விலக்கு முதன்மையாகக் கருதியது எனலாம். அச்சட்டம் 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

பிரித்தானியாவில் இத்தொடர் 1935-ஆம் ஆண்டின் அஞ்சலகத் திருத்தச் சட்டத்தின்வழித் தொலைபேசிக்குச் சென்றது. மிகவும் புண்படுத்தும், ஆபாசமான அல்லது அச்சுறுத்தும் தன்மையுடைய செய்தியைத் தொலைபேசியில் அனுப்புதல் குற்றமாக்கப்பட்டது. பொய்யென அறிந்தே, பிறர்க்கு எரிச்சலோ இடையூறோ தேவையற்ற கவலையோ விளைக்கும் நோக்குடன் செய்தி அனுப்புதல் அடுத்த குற்றமாக வைக்கப்பட்டது. இச்சொற்கள் 1953, 1969, 1981, 1984 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களில் சிறு மாற்றங்களுடன் தொடர்ந்து, 2003-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 127-ஆம் பிரிவில் இடம்பெற்றன.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இத்தகைய பிரிவு இல்லை. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டமே 66அ பிரிவைச் சேர்த்தது. 2009 அக்டோபர் 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியச் சட்டத்தில் ஆறு மாதமாக இருந்த உச்சத் தண்டனை இங்கு மூன்றாண்டுச் சிறையாயிற்று. எரிச்சல், இடையூறு, தேவையற்ற கவலை என்னும் மூன்று சொற்கள், எரிச்சல், இடையூறு, ஆபத்து, தடை, அவமதிப்பு, ஊறு, குற்றமுறு மிரட்டல், பகைமை, வெறுப்பு, தீய மனப்பான்மை எனப் பத்தாக விரிந்தன.

இப்பெயர்வில் தொடரமைப்பும் சிதைந்தது. பிரித்தானியச் சட்டத்தில் ‘விடாது மீண்டும் மீண்டும்’ என்னும் பொருள்படும் வினையடை ஒரு தனிக் குற்றத்திற்கு உரியது. இந்தியப் பாடத்தில் அது பொய்ச் செய்தி பற்றிய உட்பிரிவின் இறுதியில், எவ்வினையைத் தழுவுகிறது என்பது விளங்காத வகையில் ஒட்டவைக்கப்பட்டது. ‘பொய்யென அறிந்த, ஆனால் எரிச்சலூட்டும் நோக்குடைய’ என முரண்பொருள் இல்லாத இடத்தில் ‘ஆனால்’ என்னும் இடைச்சொல்லும் புகுந்தது. குற்றவியல் சட்டம் ஒன்றில் இத்தகைய தொடர் அமைவது, பிறிதோரிடத்துப் பாடத்தை அதன் கட்டமைப்பை நோக்காது எடுத்தாண்டதன் விளைவு என்றே கொள்ளத்தகும்.

3. சொற்பொருள் நிலை

66அ பிரிவின் சொற்களை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். ஊறு, ஆபத்து, குற்றமுறு மிரட்டல் போன்றவை புறத்தே காணத்தக்க விளைவைச் சுட்டுவன. எரிச்சல், இடையூறு, புண்படுதல் என்பனவோ கேட்போரின் மனநிலையைச் சுட்டுவன. பின்னவற்றில் குற்றத்தின் இருப்பைச் சொல்பவரின் கூற்று மட்டும் உறுதி செய்வதில்லை. கேட்பவரின் இயல்பும் உறுதி செய்கிறது. ஒரே கூற்று ஒருவருக்கு நகையாகவும் மற்றொருவருக்கு வசையாகவும் அமையக்கூடும். ‘மிகவும்’ என்னும் அளவுச்சொல் இக்குறையை நீக்குவதில்லை. அளவுகோல் தரப்படாத இடத்தில் அளவுச்சொல் மதிப்பீட்டைக் கூட்டுமேயன்றித் தெளிவைக் கூட்டாது.

எரிச்சல் என்னும் சொல் அன்று நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் உண்டு. ஆயின் அங்குப் பொதுத்தொல்லை என்னும் குற்றத்தின் கூறுகளுள் ஒன்றாக, பொதுமக்களுக்கு விளைவது என்னும் வரம்புடன் அது வந்தது. 66அ பிரிவில் அவ்வரம்பு இல்லை. பலரைத் தொல்லைப்படுத்துதலும் ஒருவரை எரிச்சலூட்டுதலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

4. சொல் செயலான விதம்

2012-ஆம் ஆண்டில் இப்பிரிவின் விளைவு வெளிப்பட்டது. ஏப்ரலில், மாநில முதலமைச்சரைப் பற்றிய கேலிச் சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர் கைது செய்யப்பட்டார். அக்டோபரில், ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் கைதானார். நவம்பரில், அரசியல் தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டதைப் பற்றி மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் வினா எழுப்பினார். அவரும், அப்பதிவிற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைது செய்யப்பட்டனர். விருப்பக்குறியை இட்டவர் ஒரு சொல்லையும் எழுதியவரல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அதே ஆண்டில் இப்பிரிவை எதிர்த்துச் சட்ட மாணவி சிரேயா சிங்கல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2013 ஜனவரியில் ஒன்றிய அரசு, உயர் காவல் அலுவலரின் முன்னனுமதியின்றி இப்பிரிவின்கீழ்க் கைது செய்யலாகாது என மாநிலங்களுக்கு அறிவுரை வழங்கியது. அனுமதி வழங்கும் அலுவலர் உயர்ந்தாரேயன்றிச் சொல்லின் பொருள் தெளிவுறவில்லை.

5. 2015-ஆம் ஆண்டின் தீர்ப்பு

2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ஆர்.எஃப். நாரிமன் ஆகியோரடங்கிய அமர்வு 66அ பிரிவை முழுமையாகச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதியவர் நாரிமன். அதன் வாதம் இரு தூண்களின்மேல் நிற்கிறது.

முதலாவது, அரசியலமைப்பின் வரம்பு. உறுப்பு 19(2) கருத்துரிமைக்குச் சில கட்டுப்பாடுகளை எண்ணிக் கூறுகிறது: நாட்டின் இறைமையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்திற்குத் தூண்டுதல். இப்பட்டியலில் எரிச்சலும் இடையூறும் இல்லை. இவ்விடத்துச் சென்னை மாகாணத்தின் பழைய வழக்கொன்று நினைவுகூரத்தக்கது. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழ் சென்னை மாகாணத்துள் நுழைவதைத் தடைசெய்த ஆணையை 1950-இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ‘பொதுப் பாதுகாப்பு’ என்பதும் ‘அரசின் பாதுகாப்பு’ என்பதும் ஒன்றல்ல என்னும் சொல்வேறுபாடே அத்தீர்ப்பின் அச்சாணி. அடுத்த ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்னும் தொடரைச் சேர்த்தது. அதனுடன் கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருத்தல் வேண்டும் என்னும் அடையும் சேர்ந்தது.

இரண்டாவது, தெளிவின்மை. மத்தியப் பிரதேச அரசுக்கும் பல்தேவ் பிரசாதுக்கும் இடையிலான வழக்கை இத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. 1946-ஆம் ஆண்டின் சட்டமொன்று ‘குண்டா’ என்னும் சொல்லுக்கு அளித்த விளக்கம், யார் குண்டா என்பதை அறியத் துணைபுரியவில்லை எனக் கண்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியிருந்தது. மேலும், பிரித்தானிய வழக்குகள் இரண்டையும் நாரிமன் ஒப்பிட்டார். காலின்ஸ் வழக்கில், ஒரே செய்திகளை மிகவும் புண்படுத்துவன அல்ல எனக் கீழ் நீதிமன்றங்கள் கருதின. பிரபுக்கள் அவை 2006-இல் மாறாகக் கருதியது. சேம்பர்ஸ் வழக்கில், விமான நிலையத்தைப் பற்றிய ஒரு ட்வீட்டை அச்சுறுத்தல் எனக் கீழ் நீதிமன்றங்கள் கொண்டன. உயர் நீதிமன்றம் 2012-இல் அதனை மறுத்தது. சட்டம் பயின்ற அறிஞர்களே ஒரே சொல்லுக்கு எதிரெதிர்ப் பொருள் காணுமிடத்துக் குடிமகன் எதனைக் கொண்டு தன் எழுத்தை அளப்பது என்பதே தீர்ப்பின் வினா.

கலந்துரையாடல், வலியுறுத்தல், தூண்டுதல் என மூன்றையும் தீர்ப்பு வேறுபடுத்துகிறது. முதலிரண்டும் கருத்துரிமையின் உயிர்நிலை. மூன்றாவதை எட்டும்போதே சட்டம் தலையிடலாம். இணையம் அச்சினின்றும் வேறுபட்ட ஊடகம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. அதற்கெனத் தனிக் குற்றங்கள் வகுக்கப்படலாம் என்பதையும் ஏற்றது. ஆயினும் ஊடகம் வேறாதலால் உரிமையின் அளவு குறையாது எனக் கொண்டது. அதே தீர்ப்பு, இணையத் தளங்களை முடக்கும் அதிகாரம் வழங்கும் 69அ பிரிவை நிலைநிறுத்தியது என்பதும் மறவாது குறிக்கத்தக்கது.

6. அடிக்குறிப்பில் மறைந்த தீர்ப்பு

செல்லாதெனப்பட்ட பின்னும் 66அ பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாயின. 2019 பிப்ரவரியில் தீர்ப்பின் படிகளை அரசுகளுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அனுப்புமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2021 ஜூலையில் இந்நிலை மீண்டும் முறையிடப்பட்டபோது, அரசுத் தலைமை வழக்கறிஞர் ஒரு காரணத்தைச் சுட்டினார்: அச்சிட்ட சட்டநூல்களில் பிரிவு அப்படியே நிற்கிறது, அது நீக்கப்பட்ட செய்தி அடிக்குறிப்பில் மட்டுமே உள்ளது. காவல்நிலையத்தில் படிக்கப்படுவது மேற்பாடமே. 2022 அக்டோபர் 12 அன்று, இப்பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது எனவும், சட்டநூலில் இப்பிரிவை வெளியிடுவோர் அது அரசியலமைப்புக்கு முரணானதென அறிவிக்கப்பட்டுள்ளதை வாசகர்க்குப் போதிய அளவில் தெரிவித்தல் வேண்டும் எனவும் நீதிமன்றம் ஆணையிட்டது. கேலிச் சித்திரத்தை அனுப்பிய கொல்கத்தாப் பேராசிரியர் 2023-ஆம் ஆண்டில்தான் வழக்கினின்று விடுபட்டார். பதினோராண்டுக் காலம் அவ்வழக்கு அவரைத் தொடர்ந்தது.

7. முடிவுரை

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவன இரண்டு. ஒன்று: சட்டச் சொல்லைப் பெயர்ப்பவர், மூலத்தின் தெளிவின்மையைத் தம் சொல்லால் தெளிவாக்கிவிடவும் கூடாது; மிகைப்படுத்தவும் கூடாது. ‘அஃபென்சிவ்’ என்பதைப் ‘புண்படுத்தும்’ என்றால் கேட்போரின் உணர்வு முன்னிற்கும். ‘அருவருக்கத்தக்க’ என்றால் பொருளின் இயல்பு முன்னிற்கும். ‘இழிவான’ என்றால் அறமதிப்பீடு முன்னிற்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு குற்றத்தைப் படைக்கும். மூலம் மயங்குமிடத்து அம்மயக்கத்தைக் காட்டும் சொல்லே நேர்மையான பெயர்ப்பு.

மற்றொன்று: சட்டம் செல்லாதாவது தீர்ப்புரைக்கும் நாளிலேயாயினும், அதன் சொல் வழக்கொழிவது அந்நாளில் அன்று. நூலின் மேற்பாடம் திருந்தி, மாநில மொழிகளின் பெயர்ப்புகள் திருந்தி, அவற்றைக் கையாள்வோர் பழக்கமும் திருந்திய பின்னரே அது மறையும். ஆதலின் இணையவெளியில் எழுதுவோரின் உரிமையைக் காக்கும் பணியில் வழக்கறிஞர்க்கும் நீதிபதிக்கும் உள்ள பங்கு, பாடத்தைப் பதிப்பிப்போர்க்கும் பெயர்ப்போர்க்கும் உண்டு.