ஜானகி அம்மாளுக்கு வந்து சேராத கடிதங்கள்

நான் போபாலில். தங்கமணி கும்பகோணத்தில், பள்ளி ஆசிரியை. பெண் பத்தாம் வகுப்பு என்பதால் இந்த டிரான்ஸ்ஃபருக்குக் குடும்பத்தை அழைத்து வரவில்லை. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு போன். சிலிண்டர் வந்ததா, டியூஷன் ஃபீஸ் கட்டியாச்சா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா... ஸ்பீக்கரில் எல்லோரும் பேசி முடிக்கும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

போன மாதம் தங்கமணி கேட்டாள். "என்னங்க, தினமும் பேசுறோம். நீங்களும் நானும் மட்டும் பேசி எத்தனை நாளாச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. லீவில் ஊருக்குப் போனபோது சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் ஊர்க்காரர்தான். எல்லோரும் அவர் கணக்கைப் பற்றி எழுதியாயிற்று. பி.காம். படித்த எனக்கு அது புரியாது. ஆனால் அவர் போட்டுத் தீராத ஒரு கணக்கு எனக்கும் புரியும். நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கும் புரியும்.

1909 ஜூலை 14 அன்று அவருக்கும் ஜானகிக்கும் கல்யாணம். பெண்ணுக்குப் பத்து வயது. அந்தக் கால வழக்கப்படி சில வருடம் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். 1912 மார்ச்சில் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அதற்குப் பிறகுதான் சென்னையில் குடித்தனம். அதுவும் மாமியார் கோமளத்தம்மாளோடு, சின்ன வீட்டில்.

1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். தானும் வருகிறேன் என்று ஜானகி கேட்டிருக்கிறார். நடக்கவில்லை. வழியனுப்பத் துறைமுகத்துக்குக்கூட அவர் வரவில்லை. குடுமி எடுத்து கோட்டு சூட்டு போட்ட கோலத்தைப் பார்த்தால் வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று, சில நாள் முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார்.

சில மாதத்தில் முதல் உலகப் போர். கடலில் நீர்மூழ்கிக் கப்பல் பயம். இரண்டு வருடம் என்று போனவர் ஐந்து வருடம் மாட்டிக்கொண்டார். 1917இலிருந்து உடம்பும் படுத்துவிட்டது. கடிதம் ஒன்றுதான் வழி. அந்தக் கடிதங்களும் மாமியார் கையில் நின்றுவிட்டன, இவர் எழுதியதும் அங்கே போகவில்லை, அங்கிருந்து வந்ததும் இவர் கைக்கு வரவில்லை என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கோமளத்தம்மாள் தரப்பை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அதனால் மாமியாரை வில்லியாக்குவது என் நோக்கமில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அங்கே கடல் மட்டும் குறுக்கே நிற்கவில்லை. இருவருக்கென்று தனியாக ஒரு வழி இல்லாமல் போனதுதான் பெரிய தூரம்.

1919 மார்ச் 27, பம்பாயில் இறங்கினார். அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகி இல்லை. அவள் எங்கே என்றுதான் கேட்டாராம்.

அதன் பிறகு கிடைத்தது ஒரு வருடம் சொச்சம். கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. அவர் படுக்கையில் கணக்குப் போட, இவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். நீ கூட வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று அவர் சொன்னதை ஜானகி அம்மாள் கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் ராமானுஜன் போய்விட்டார். இவருக்கு 21.

பேங்க்காரன் புத்தி, கூட்டிப் பார்த்தேன். மண வாழ்க்கை பத்தே முக்கால் வருடம். அதில் ஐந்து வருடம் கடல் தாண்டி. ஒருவரை ஒருவர் முழுசாக அறிந்தது அந்தக் கடைசி வருடம்தான், அதுவும் நோயோடு. அந்த இருப்பை வைத்துக்கொண்டு ஜானகி அம்மாள் 74 வருடம் வாழ்ந்தார். தையல் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணியில் சொந்தக் காலில் நின்றார். 1994இல் காலமானார். பேட்டி கண்டவர்களிடம் அந்த ஒத்தடத்தைப் பற்றித்தான் பேசினார்.

நம் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. போன் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் சிலிண்டரும் ஃபீஸும் நடுவில் நின்று நம் பேச்சை வாங்கி வைத்துக்கொள்கின்றன. நாமும் விட்டுவிடுகிறோம்.

இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம். ஸ்பீக்கர் கிடையாது, வரவு செலவு கிடையாது. முதல் ஞாயிறு இருவருக்குமே என்ன பேசுவதென்று தெரியவில்லை. சும்மா இருந்தோம். பிறகு தங்கமணி, பள்ளிக்குப் போகும் வழியில் மகாமகக் குளக்கரையில் தினமும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவதாகச் சொன்னாள். இரண்டு வருடமாகவாம். எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் எப்படி? சொல்லுங்களேன்.