கிடங்கு: ஒரு சொல், இரு பொருள், ஓர் எல்லை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்தது காரோடு. தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் ‘கிடங்கு’ என்னும் சொல் இரு முகம் காட்டுகிறது. இன்றைய தமிழில் அது சரக்குகளைச் சேமிக்கும் இடம். மலையாளத்தில் ‘கிடங்ஙு’ என்றால் முதன்மையாக அகழி. காட்டு யானைகளைத் தடுக்க வெட்டப்படும் நீள்பள்ளம் அங்கே ‘ஆனக்கிடங்ஙு’. தமிழில் அதுவே யானைத் தடுப்பு அகழி.

மதுரை நகரைச் சூழ்ந்த அகழியை மதுரைக்காஞ்சி ‘கிடங்கு’ என்றே குறிப்பிடுகிறது. ஆகவே அகழி என்னும் பொருள் மலையாளத்திற்கு மட்டும் உரியதன்று. அது சங்கத் தமிழின் வழக்கு. பொதுப் பேச்சுத் தமிழ் கைவிட்டதை மலையாளம் காத்து வந்துள்ளது.

பண்டசாலைப் பொருளுக்கும் நெடிய பயணம் உண்டு. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, ஆங்கிலேயர் வழங்கிய ‘கோடவுன்’ என்னும் சொல் மலாய் மொழிவழி வந்ததெனக் கொண்டு, அதன் மூலத்தைத் தெலுங்கு, தமிழ் வடிவங்களோடு இணைத்தது. பொருள்கள் ‘கிடக்கும்’ இடம் கிடங்கு என்பது அதன் விளக்கம். இது ஏற்கப்படின், கடல் கடந்து சென்ற சொல்லே ‘குடோன்’ என்று உருமாறித் தாய்நிலம் திரும்பியிருக்கிறது.

ஆங்கில ‘வேர்ஹவுஸ்’ விற்பனைப் பொருளையும் வீட்டையும் இணைத்துப் பிறந்த கூட்டுச்சொல். ‘வேர்ஹவுசிங்’ என்றபோது அது கட்டடத்தைக் கடந்து ஒரு தொழிலின் பெயராயிற்று: சரக்கை ஏற்றல், கெடாமல் காத்தல், அதற்கு ரசீது வழங்கல். இந்தியாவில் இத்தொழிலுக்கெனக் கழகங்களை அமைக்க 1956இல் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. காரோடு அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பின்னர் 1958இல் சென்னை மாநிலத்திலும் 1959இல் கேரளத்திலும் தனித்தனிக் கழகங்கள் தோன்றின. தமிழ் நிறுவனப் பெயர் ‘சேமிப்புக் கிடங்கு’ என்று அமைந்தது. மலையாளம் ‘வெயர்ஹவுசிங்’ என்பதையே வைத்துக்கொண்டது.

சொல்லின் பொருளை 1956ஆம் ஆண்டு எல்லை பிரிக்கவில்லை. அப்பிரிவு அதனினும் பழையது. எல்லை பிரித்தது அலுவலகப் பலகைகளை மட்டுமே. எனவே எல்லைப்புற மாணவர் ஒருவர் அகழியைக் கிடங்கு என்று எழுதினால், அதை மலையாளக் கலப்பெனச் சிவப்பு மையால் அடிப்பது மொழி வரலாற்றையே அடிப்பதாகும்.