நியூயார்க் நான்கான கதை

அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதல் முறை கூடுவதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு கீழ் நீதிமன்றம் கூடிவிட்டது. 1789 நவம்பர் 3 அன்று நியூயார்க் நகரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், அண்மைவரை நகர மேயராக இருந்த ஜேம்ஸ் டுவேன் நீதிபதியாக அமர்ந்தார். அந்தச் செப்டம்பர் 24-ல் வந்த நீதித்துறைச் சட்டம் உண்டாக்கிய 13 நீதிமன்ற மாவட்டங்களில் ஒன்று நியூயார்க்; மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். நம் ஊரில் மத்தியச் சட்டமோ மாநிலச் சட்டமோ, ஏறுவது ஒரே நீதிமன்றப் படிதான். அங்கே கூட்டாட்சி அரசு தனக்கெனத் தனி நீதிமன்றங்களை வைத்துக்கொண்டது. மாநில நீதிமன்றங்கள் அவை பாட்டுக்கு நடந்தன.

டுவேன் அமர்ந்தாரே தவிர, அன்று விசாரிக்க வழக்கில்லை. அடுத்த ஆண்டு வந்த முதல் வழக்கின் பெயரே வேடிக்கை: 'அமெரிக்க அரசு எதிர் மூன்று பெட்டி இரும்புச் சாமான்'. தீர்வை கட்டவில்லை என்று சரக்கின் மேலேயே வழக்கு! துறைமுக நகரத்து நீதிமன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான போணி ஏது?

நீதிமன்றம் இரண்டானதற்கு இரண்டு நீதிபதிகளின் பகைக்கும் பங்குண்டு. மத்தயாஸ் டால்மேஜ், துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டனின் மருமகன். உடம்பு முடியாமல் அடிக்கடி வராமல் இருந்துவிடுவார். வேலை தேங்கவே, 1812-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இன்னொரு நீதிபதிக்கு இடம் தந்தது. வந்தவர் வில்லியம் வான் நெஸ். 1804-ல் நியூயார்க் அரசியல்வாதி ஆரோன் பர், தன் அரசியல் எதிரி அலெக்சாண்டர் ஹாமில்டனைச் சுட்டுச் சாய்த்த துப்பாக்கிச் சண்டையில் பர்ருக்குத் துணையாகப் போனவர் இவர்தான். எட்டே வருடத்தில் நீதிபதி! நியூயார்க் அரசியலில் கிளின்டன் கோஷ்டிக்கும் பர் கோஷ்டிக்கும் ஆகவே ஆகாது. இருவரும் ஒரே நீதிமன்றத்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்? 1814 ஏப்ரல் 9-ல் வந்த சட்டம் மாநிலத்தை வடக்கு, தெற்கு என்று பிரித்தது. வடக்கு டால்மேஜுக்கு, தெற்கு வான் நெஸ்ஸுக்கு. வேறு காரணங்களும் சொல்வார்கள். எனக்கென்னவோ பாகப்பிரிவினை வாடைதான் தூக்கலாக அடிக்கிறது.

மூன்றாவதைக் கொண்டுவந்தது கப்பல். துறைமுகம் பெருக, கடல் வழக்குகள் குவிந்தன. 1865 பிப்ரவரி 25-ல் புரூக்ளினைத் தலைமையிடமாகக் கொண்டு கிழக்கு மாவட்டம் பிறந்தது. நிலத்தைப் பிரித்தவர்களால் தண்ணீரைப் பிரிக்க முடியவில்லை. மன்ஹாட்டன் தெற்கைச் சேர்ந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் தெற்கு, கிழக்கு இரண்டுக்குமே அதிகாரம். இன்றைய சட்டத்திலும் அப்படித்தான்.

1900 மே 12-ல் வடக்கிலிருந்து மேற்கு பிரிந்தது. பஃபலோவில் அமர்ந்த முதல் நீதிபதி ஜான் ஹேசலை நியமித்தவர் ஜனாதிபதி மெக்கின்லி. மறு ஆண்டு அதே பஃபலோவில் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். துணை ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு, அவருடைய நண்பர் ஒருவர் வீட்டில் அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் ஹேசல்.

ஐந்தாவது பிறக்கவில்லை. 1978-ல் கொலம்பியா, கிரீன், அல்ஸ்டர் ஆகிய மூன்று கவுண்டிகள் மட்டும் தெற்கிலிருந்து வடக்கின் கணக்குக்கு மாறின.