மகாராசன் வேதமாணிக்கமான கதை

அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மயிலாடி என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் உறவினர் வீட்டுக்குச் சென்றார். அங்கே நற்செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில் 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. 1816இல் ஐயர் விடைபெற்றபோது, சபைகளைப் பொறுப்பேற்று நடத்தியவரும் இந்தக் கிராமத்து மனிதரே.

நம் முன்னோர் பலருக்கும் இப்படி ஞானஸ்நானத்தில் பெயர் மாறியது. புதுப் பெயரை மட்டும் தேடினால், அதற்கு முந்திய தலைமுறைகளுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். பழைய பெயரும், பாட்டிமார் பிறந்த ஊரும் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. நோபல் பார்க் பிள்ளைகளே, தாத்தா பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.