நீலியின் கண்ணீர் பொய்யா?

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் ஒரு வகை நாவல்களுக்கென்றே தனி அடுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பகலில் மனிதராகவும் இரவில் ஓநாயாகவும் உலவும் கணவனும் மனைவியும் சேர்ந்து கொலைகளைத் துப்புத் துலக்குவார்கள். நடுநடுவே காதலும் உண்டு. நண்பர் ஒருவர் அப்படியொரு நூலை நம்மிடம் கொடுத்துவிட்டு, 'தமிழில் இப்படி ஏதாவது உண்டா?' என்று சற்று ஏளனமாகவே கேட்டார். ஓநாய் மனிதன் நம் மண்ணுக்கு அந்நியன்தான். ஆனால் உருமாறி வரும் மனைவி, அவளைக் கண்டு நடுங்கும் கணவன், இருவருக்கும் நடுவே அமர்ந்து விசாரித்த ஊரார், விடிந்ததும் கதவுக்குப் பின்னால் ஒரு பிணம் என்று எல்லாம் அமைந்த வழக்கொன்று நம்மிடம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அந்த வழக்கின் தீர்ப்பை நாம் தினமும் பேச்சில் சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். 'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்கிறோமே, அதுதான் அத்தீர்ப்பு.

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் பலருக்கு கும்மிடிப்பூண்டியின் ஆலைப் புகைபோக்கிகள்தாம் நினைவுக்கு வரும். 1997இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் மேற்கில், சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவாலங்காடு என்றொரு நிலையம் உண்டு. காளியோடு போட்டியிட்டு ஆடிய இறைவன் காலை அண்டமுற உயர்த்தினான் என்று சொல்லப்படும் இரத்தின சபை இந்த ஊர்க் கோயில்தான். அதை ஒட்டிய சிற்றூர் பழையனூர். நீலி அந்த ஊர்க்காரி. அந்த ஊரைக் கலங்கடித்தவளும் அவள்தான்.

கதை ஊருக்கு ஊர் சிறிது மாறும், பெயர்களும் மாறும். சாரத்தை மட்டும் சொல்கிறோம். காஞ்சியிலிருந்து காசிக்குப் போன அந்தணன் ஒருவன், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே இன்னொருத்தியை மணந்துகொள்கிறான். அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், திருவாலங்காட்டுக் காட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறான். துணைக்கு வந்த அவள் அண்ணன் துயரம் தாளாமல் உயிரை விடுகிறான். இருவரும் மறுபிறப்பில் நீலன், நீலி என்று இரட்டைக் குழந்தைகளாகப் பிறக்கிறார்கள். பகலில் தொட்டிலில் கிடந்து சிரிக்கும் பிள்ளைகள். இரவில் எழுந்துபோய் ஊர் மாடுகளைத் தின்று வந்து மறுபடியும் தொட்டிலில் படுத்துக்கொள்பவை. (ஓநாய் மனிதனைத் தேடிய நண்பர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) உண்மை தெரிந்ததும் பெற்றவர்களே அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நீலன் அழிகிறான். நீலி காத்திருக்கிறாள்.

கொன்றவன் இப்போது காஞ்சியில் வணிகனாகப் பிறந்திருக்கிறான். ஒரு பேயால் உனக்கு ஆபத்து, இந்தக் கத்தி உன் கையில் இருக்கும்வரை அது உன்னை நெருங்காது என்று சொல்லிக் கத்தியொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் பழையனூர் வழியாக வரும்போது நீலி அழகிய பெண்ணாகப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர் மன்றத்தில் கூடியிருந்த வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுது நிற்கிறாள். 'ஐயா, கட்டிய கணவன் என்னைக் கைவிட்டுப் போகிறார்' என்கிறாள். 'இவள் என் மனைவி அல்லள். மனுஷியே அல்லள்' என்கிறான் வணிகன். கீழே இறக்கிவிட்ட குழந்தை நேரே அவனிடம் ஓடி 'அப்பா' என்கிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, 'உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம்' என்று உறுதி சொல்லி இருவரையும் ஓரறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குழி வளர்த்து இறங்குகிறார்கள். ஒருவர் மட்டும் அப்போது வயலில் உழுதுகொண்டிருந்தார் என்றும், செய்தி கேட்டதும் ஏர்க்கொழுவில் பாய்ந்து உயிர்விட்டார் என்றும் ஒரு வழக்கு.

இந்த விசாரணையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எழுபது பேரும் மூடர்கள் அல்லர். அழுகிற பெண், இடுப்பில் பிள்ளை, எதிரே கையில் கத்தியோடு ஆண். யாரிடமிருந்து யாருக்கு ஆபத்து என்று எந்தப் பஞ்சாயத்தும் முடிவு செய்கிறபடிதான் அவர்களும் செய்தார்கள். 'சேர்ந்து வாழுங்கள்' என்று ஓரறைக்குள் அனுப்பிவைப்பது இன்றைக்கும் நம் ஊர்களில் நடப்பதுதானே? அப்படி அனுப்பப்பட்ட பிறகு காலையில் பிணமாவது பெரும்பாலும் பெண்ணாக இருக்கும். பழையனூரில் அது தலைகீழாயிற்று. அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இவன் ஏன் இப்படி அஞ்சுகிறான்?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரீ தெ பிரான்ஸ் என்ற பெண்கவி எழுதிய பிரெஞ்சுக் கதைப்பாடல் ஒன்றில் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அதில் கணவன்தான் ஓநாய். வாரத்தில் மூன்று நாள் காட்டில் திரியும் அவனுடைய உடைகளை ஒளித்துவைக்க மனைவி ஏற்பாடு செய்கிறாள். உடையில்லாமல் மனித உருவுக்குத் திரும்ப முடியாத அவனை விட்டுவிட்டு வேறொருவனை மணந்துகொள்கிறாள். அரசவையில் சாதுவாக வளரும் அந்த ஓநாய் ஒருநாள் அவள் மூக்கைக் கடித்துவிடுகிறது. 'யாரையும் தீண்டாத விலங்கு இவளை மட்டும் ஏன் கடித்தது?' என்கிறான் ஒரு மூத்த அறிஞன். அவளைப் பிடித்து வதைத்துக் கேட்டு உண்மையை வரவழைக்கிறார்கள். விலங்கை நம்பினார்கள், பெண்ணை வதைத்தார்கள். அந்த நீதியும் நமக்கு உவப்பானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, கதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தைத் தொடங்கும்போதே, பழைய உறவுபோல் வந்து வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியைப் பற்றியும் அதைக் கேட்டு அஞ்சும் பழையனூரைப் பற்றியும் சொல்லிவிடுகிறார். நீலி என்ற பெயர் அங்கே இல்லை. எழுபது பேரும் இல்லை, தீக்குழியும் இல்லை. அச்சம் மட்டும் இருக்கிறது. அங்கே வரும் 'முன்' என்ற சொல்லை முற்பிறப்பு என்றும் கொள்ளலாம், முன்பே பழகியவள்போல் நடித்தாள் என்றும் கொள்ளலாம். முதல் பொருளைக் கொண்டால் அவள் பாதிக்கப்பட்டவள். இரண்டாவதைக் கொண்டால் வெறும் வஞ்சகி. ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் நியாயம் தொங்குகிறது.

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் பாடியதாகக் கொள்ளப்படும் சேக்கிழார் புராணத்துக்கு வந்தால் காட்சியே மாறிவிடுகிறது. இங்கே எழுபது பேரும் தீக்குழியும் வந்துவிடுகின்றன. பேச்செல்லாம் சொல் தவறாத வேளாளர் பெருமை பற்றியே. ஊரின் அச்சம் குலத்தின் பெருமிதமாகிவிட்டது. இடையில் நடந்ததாகத் திட்டமாகத் தெரியும் ஒரு செய்தி, 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இருக்கிறது. முப்பத்தொரு ஏடுகள் கொண்ட அந்தச் சாசனம், முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஐ ஒட்டி, பழையனூர் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக்கப்பட்டதைச் சொல்கிறது. அதுவரை பிரமதேயமாக இருந்த ஊர் அப்போது வெள்ளான்வகையாக மாற்றப்பட்டது. வேளாளர் ஊராக அது நிலைபெற்ற பிறகே எழுபது பேரின் தியாகம் கதையின் நடுவுக்கு வந்திருக்கும் என்பது நம் ஊகம். ஊகம் என்பதற்கு மேல் வற்புறுத்தமாட்டோம்.

சம்பந்தரை ஊருக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கச் செய்தவளும் ஒரு பெண்ணே என்று பெரியபுராணம் சொல்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் அவர் ஊருக்கு வெளியிலேயே தங்கிவிட, இறைவன் கனவில் வந்து பாடச் சொன்னானாம். அம்மையாரின் கணவன் பரமதத்தனும் வணிகன்தான். மாம்பழம் வரவழைத்த மனைவியைக் கண்டு அஞ்சிக் கப்பலேறி ஓடினான். பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். உறவினர் அம்மையாரை அழைத்து வந்து முன்னால் நிறுத்தியபோது, இவர் மானுடப் பெண்ணல்லர் என்று சொல்லிக் காலில் விழுந்தான். அம்மையார் தசையை உதறிப் பேயுருக் கொண்டு கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதே ஆலங்காடு. இரண்டு வணிகர்கள், இரண்டு மனைவிகள், இருவர் வாயிலும் ஒரே வாக்குமூலம். ஒருவன் சொன்னதை அவன் மனைவியே மெய்யாக்கிக் காட்டினாள்; மற்றவன் சொன்னதை ஊர் நம்பவில்லை. ஒருத்தியைக் கோயிலுக்குள் வைத்தோம், மற்றவளைப் பழமொழிக்குள் வைத்தோம்.

சமணர்கள் நீலியை அப்படி விட்டுவிடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற முனிவரை விரட்டுவதற்குத் தெற்கிலிருந்து வரவழைக்கப்படும் பேய் இந்தப் பழையனூர் நீலிதான். பேயாக மிரட்டிப் பார்க்கிறாள். அழகியாக மயக்கிப் பார்க்கிறாள். இரண்டும் பலிக்காமல் போக, அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் என்று எல்லோரையும் வாதில் எதிர்கொள்கிறாள். அவள் முதலில் எதிர்கொள்வது குண்டலகேசியை. அந்தக் குண்டலகேசி யார்? நகைக்காகத் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ள நினைத்த கணவனைத் தானே தள்ளிவிட்டுப் பௌத்தத் துறவியானவள். அவள் பெயரால் அமைந்த காப்பியம் அழிந்து சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. அதற்கு மறுப்பாகவே நீலகேசி எழுந்தது. கணவனால் கொல்லப்பட இருந்த ஒருத்திக்கு எதிர்வாதம் செய்ய, கணவனால் கொல்லப்பட்ட ஒருத்தியைத் தேடிப் பிடித்தாரா அந்தப் பெயர் தெரியாத சமணப் புலவர், அல்லது தற்செயலாக அமைந்ததா? இதைத் தற்செயல் என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை. 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு பதிப்பித்திருக்காவிட்டால், இந்தக் கேள்வியையே நாம் கேட்டிருக்க முடியாது.

நீலியின் கதை தெற்கேயும் போயிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்ட வில்லுப்பாட்டில் கொலையுண்டவள் தேவதாசி. கொன்றவன் அவளிடம் பொருளையெல்லாம் இழந்த பூசாரி. மடியில் தலைவைத்து உறங்கியவளை நகைக்காகக் கல்லால் அடித்துக் கொல்கிறான். அருகில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைத்து அவள் சாகிறாள். கள்ளி குழந்தையாக வேடமிடுவதன் காரணம் வடக்கே தெளிவாக இல்லை, தெற்கேதான் விளங்குகிறது. ஊரார் பொய்ச்சாட்சி என்று கருதும் அந்தப் பிள்ளை, கொலையை நேரில் கண்ட ஒரே சாட்சி. அது வணிகனைப் பார்த்துக் கைநீட்டியபோது எழுபது பேருக்கும் 'அப்பா' என்று கேட்டது.

அங்கே அவள் பெயர் இசக்கி. இயக்கி, அதாவது சமணரின் யட்சி, இப்படித் திரிந்தது என்பர். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே அவள் கோயில் இருக்கிறது. பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் அங்கே தொட்டில் கட்டுகிறார்கள். பழிவாங்கியவளிடம் பிள்ளை கேட்பதில் அவர்களுக்கு எந்த முரணும் தோன்றுவதில்லை. தென்மாவட்டங்களில் இசக்கியைப் பெரும்பாலும் கையில் குழந்தையோடுதான் வடிக்கிறார்கள். கண்ணீரோடு அவளை வடித்த சிலை எதையும் நாம் இதுவரை பார்த்ததில்லை.